வேலியும் படலையும்: கல்லூரி வலையமைப்புப் பற்றிச் சில எண்ணங்கள்

விழா மலர்களிலே கல்லூரியின் பழம்பெருமையைப் பேசுதல் மரபு. அம்மரபு நன்றே. கட்டடம் தந்த வள்ளல்களையும் கல்வி தந்த ஆசிரியர்களையும் மறந்த நிறுவனம் நெடிது வாழாது. ஆயினும் விழாக்காலம் பின்னோக்கிப் பார்ப்பதற்கு மாத்திரம் உரியதன்று. ஆண்டுக்கொரு முறை வளவைச் சுற்றி வந்து வேலியின் நிலையைப் பார்க்கும் வீட்டுக்காரனைப் போல, உள்ளதை ஒழுங்காக வைத்திருக்கின்றோமா என்று பார்க்கவேண்டிய காலமும் அதுவே. அந்நோக்குடன் நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் கல்லூரிக்குள் ஓடும் கணினி வலையமைப்பாகும். அதனுள்ளும், ‘வீலான்’ என வழங்கும் மெய்நிகர் இடத்துரி வலையமைப்பு எவ்வாறு தொழிற்படுகின்றது, அதனை நம் கல்லூரிகள் ஏன் கைக்கொள்ளல் வேண்டும் என்னும் இரண்டையுமே பேசப் புகுகின்றோம்.

இன்று நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலே கணினி ஆய்வுகூடம் உண்டு. காரியாலயத்திலே மாணவர் விபரமும் பரீட்சைப் புள்ளியும் கணக்கும் கணினியிலே உள்ளன. வாயிலிலே கண்காணிப்புக் கமரா உண்டு. ஆசிரியர் அறையிலே வைபை உண்டு. இவற்றுட் பல, கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர் மனமுவந்து அளித்தவை. அளித்தவர் பெயர் சுவரிலே பொறிக்கப்படுகின்றது. ஆனால் அளித்த பொருள்கள் யாவும் ஒரே வெளியிலே, ஒன்றையொன்று தடையின்றித் தொடும்படி, இணைத்து விடப்படுவதே பெரும்பாலும் வழக்கமாயுள்ளது. காரியாலயத்துக் கணினியும், பத்தாம் வகுப்புப் பையன் இருக்கும் கணினியும், விழாவுக்கு வந்த விருந்தினரின் கைத்தொலைபேசியும் வேலியில்லா ஒரே வளவில் வாழ்கின்றன. இனியொரு கணினி வாங்குவதற்கு முன்னர் இருக்கும் கணினிகளை வகுத்து வைத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து. அக்கருத்தை நிறுவுதற்கு முதலிற் பொருளை விளங்கிக்கொள்ளல் நன்று.

இடத்துரி வலையமைப்பில் இன்று பெருவழக்காயுள்ள ஈதர்நெற் முறையை 1973 ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவிலுள்ள ஸெரொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலே றொபேட் மெற்காப், டேவிட் பொக்ஸ் ஆகியோர் உருவாக்கத் தொடங்கினர். அவர்கள் முறை எளியது. நீண்ட வடம் ஒன்று. அதிலே எல்லாக் கணினிகளும் தொடுக்கப்பட்டிருக்கும். ஒன்று பேசும்போது எல்லாம் கேட்கும். தனக்குரிய செய்தியை ஏற்று, பிறர்க்குரியதை விட்டுவிடும். இரண்டு ஒரே வேளையிற் பேசினால் இரண்டும் நிறுத்திச் சிறிது பொறுத்து மீண்டும் பேசும். சந்தையிலே பலர் கூடி நின்று பேசுவது போன்ற முறை இது. ஆட்கள் சிலராயிருக்கும்வரை இடர்ப்பாடில்லை. பலரானபோது பேச்சைவிட இரைச்சலே மிகும்.

இவ்விடர்ப்பாட்டைக் குறைக்க வந்த கருவியே ஆளி. பேச்சு வழக்கில் இதனைச் சுவிச்சு என்போம். இதன் முகத்திலே எட்டு, இருபத்துநான்கு, நாற்பத்தெட்டு எனத் துறைகள் இருக்கும். துறைக்கொரு வடமாகக் கணினிகள் வந்து சேரும். ஒவ்வொரு கணினியின் வலையமைப்பு அட்டைக்கும் 48 பிற்று நீளமான முகவரி ஒன்றுண்டு. கணினி அனுப்பும் செய்தித் துண்டைச் சட்டகம் என்பர். சட்டகம் ஒன்று ஒரு துறையால் உள்ளே வரும்போது, அதனை அனுப்பியவர் முகவரியை ஆளி குறித்துக்கொள்ளும்: ‘இம்முகவரிக்காரர் ஐந்தாம் துறையில் உள்ளார்’ என்று. பின்னர் அம்முகவரிக்குச் சட்டகம் வருமாயின் அதனை ஐந்தாம் துறைக்கு மாத்திரம் அனுப்பும். கிராமத்துத் தபாற்காரர் சில நாளில் வீடுகளை அறிந்துகொள்வது போல ஆளியும் தானே கற்றுக்கொள்கின்றது. எவரும் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை.

ஆயினும் இரண்டு வகைச் சட்டகங்களை ஆளி எல்லாத் துறைகளுக்கும் அனுப்பியே ஆகவேண்டும். ஒன்று, இருப்பிடம் இன்னும் அறியப்படாத முகவரிக்கு வருவது. மற்றையது, ‘யாவருங் கேட்க’ என்று அனுப்பப்படுவது. ‘இந்த இணைய எண்ணை உடையவர் யார்?’ என்று வினவுங் கணினியும், ‘எனக்கோர் எண் தருவார் உளரோ?’ என்று வினவுங் கணினியும் இவ்வாறே கூவுகின்றன. அக்கூவல் சென்று சேரும் எல்லையே ஒரு வளவு. வெறும் ஆளிகளை ஒன்றோடொன்று எத்தனை தொடுத்தாலும் வளவு பெருக்குமேயன்றிப் பிரியாது.

வேலியில்லா வளவினால் வருந் தீமை மூன்று. முதலாவது இரைச்சல், கணினிகள் பெருகப் பெருகக் கூவலும் பெருகும். இரண்டாவது, ஒருவர் பிழை எல்லாரையும் வருத்துதல். வீட்டுப் பாவனைக்குரிய சிறு வைபைப் பெட்டியொன்றைத் தவறான துறையாற் செருகிவிட்டால், ‘எண் தருவார் உளரோ?’ என்ற கூவலுக்கு அதுவும் விடை பகரத் தொடங்கும். பொருந்தாத எண்ணைப் பெற்ற கணினிகள் இணையத்தை இழந்து நிற்கும். ஒரே வடத்தின் இரு முனைகளையும் ஆளியிற் செருகுவோர் உளர். அப்போது கூவற் சட்டகம் வட்டமிட்டுச் சுழலும். இணையப் பொதியிலே வாழ்நாளைக் குறைக்கும் எண் ஒன்றுண்டு; ஈதர்நெற் சட்டகத்திலே அத்தகைய எண் இல்லை. ஆதலின் அது சாவதில்லை. பல்கிப் பெருகி வலையமைப்பு முழுவதையும் அடைத்துவிடும். மூன்றாவது, மறைவின்மை, அதனைப் பின்னர்க் கூறுவோம்.

வட்டச் சுழற்சியைத் தடுக்கும் முறையொன்றை 1985 இல் றேடியா பேள்மன் என்னும் அம்மையார் வகுத்தார். ஆளிகள் தமக்குள் பேசி, வட்டம் உண்டாகாதபடி சில வழிகளைத் தாமே மூடிக்கொள்ளும் முறை அது. இன்றும் அதன் வழிவந்த முறைகளே உலகெங்கும் பயன்படுகின்றன. ஆயினும் அதற்கும் ஓர் அளவுண்டு. 2002 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ நிலையத்தின் வலையமைப்பு ஏறத்தாழ நான்கு நாள் நிலைகுலைந்தது. மருத்துவரும் தாதியரும் கடதாசிக்குத் திரும்பினர். பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையிலே கொண்டு ஓடினர். வலையமைப்புக்குப் பொறுப்பாயிருந்த ஜோன் ஹலம்கா அதனை மறையாது, பிறர் கற்கும்படி வெளிப்படையாகக் கூறினார். வலையமைப்புச் சிறிது சிறிதாக ஒட்டி ஒட்டி வளர்க்கப்பட்டிருந்தது; சுழற்சியைத் தடுக்கும் முறைக்கு விதிக்கப்பட்ட எல்லையை அது கடந்துவிட்டது. எவரும் தீங்கு நினைத்துச் செய்ததன்று. திட்டமின்றி வளர்ந்ததே குற்றம்.

பெருமருத்துவமனைக்கு நேர்ந்ததைக் கல்லூரிக்கு ஒப்பிடல் தகுமோ என்பார் உளர். அளவு வேறு, வளரும் முறை ஒன்றே. முதலில் ஆய்வுகூடத்துக்கு ஓர் ஆளி; அடுத்த ஆண்டு நூலகத்துக்கு வடம் ஒன்று; அதன்பின் ஒரு நன்கொடையாளர் கமரா; மற்றொருவர் வைபை. ஒவ்வொன்றும் நன்றே, ஒருங்கு நோக்கினால் ஒழுங்கில்லை.

வளவைப் பிரித்தற்குப் பழைய வழி, கூட்டத்துக்கோர் ஆளி வாங்குதல். காரியாலயத்துக்கு ஒன்று, ஆய்வுகூடத்துக்கு ஒன்று, விருந்தினர்க்கு ஒன்று. ஆனால் ஆட்கள் கட்டடம் பார்த்துப் பிரிந்திருப்பதில்லை. மேல்மாடியிலே கணக்காளர் ஒருவர் இருப்பார். அவருக்கு அடுத்த அறையிலே வகுப்பு நடக்கும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் நான்கு ஆளியும் நான்கு வடமும் இழுத்தல் வீண் செலவு. ஒரே ஆளியைப் பல ஆளிகள் போல இயங்கச் செய்ய இயலுமாயின் அச்செலவு ஒழியும் அன்றோ? வீலான் செய்வது இதுவே.

இதன் வித்து அமெரிக்காவின் பெல்கோர் ஆராய்ச்சி நிறுவனத்திலே இடப்பட்டது. 1980களிலே டேவிட் சின்கொஸ்கி என்பவர் பல ஈதர்நெற்றுக்களை இணைத்துப் பெருவலை அமைக்க முயன்றார். ஒரே மரவடிவ வழியாக எல்லாச் செய்தியும் சென்றால் அடியிலே நெரிசல் உண்டாகும் என்று கண்டு, சட்டகங்களுக்கு நிறமிட்டாற் போல அடையாளமிட்டு வெவ்வேறு வழிகளில் விடும் உபாயத்தைக் கருதினார். 1988 இல் அவரும் சேஸ் கொற்றன் என்பவரும் இது பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். அவர் நோக்கம் நெரிசலைப் பகிர்தல். பின்வந்தோர் அதே உபாயத்தைக் கூட்டங்களைப் பிரித்தற்குப் பயன்படுத்தினர். நிறுவனந்தோறும் வெவ்வேறு அடையாளம் இட்டுவந்த நிலை மாறி, 1998 இல் ஐ.ஈ.ஈ.ஈ. என்னும் பொறியியலாளர் நிறுவனம் 802.1கியூ என்னும் பொதுவிதியை வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் ஆளி மற்றொரு நிறுவனத்தின் ஆளியோடு இன்று பிணக்கின்றிப் பேசுவது அவ்விதியின் பயன்.

இனி அது தொழிற்படும் முறையைப் பார்ப்போம். ஆளியின் ஒவ்வொரு துறைக்கும் ஓர் இலக்கம் கொடுக்கப்படும். 1 முதல் 8 வரையுள்ள துறைகள் வீலான் 10, அது காரியாலயம். 9 முதல் 20 வரை வீலான் 20, அது ஆய்வுகூடம். இப்பணி ஆளிக்குள்ளே எழுத்தாற் செய்யப்படுவதேயன்றிக் கம்பியாற் செய்யப்படுவதன்று. 9 ஆம் துறையிலிருந்து எழுந்த கூவல் 20 ஆம் இலக்கத் துறைகளுக்கே செல்லும். 10 ஆம் இலக்கத்தார் அதனைக் கேளார். முகவரிக் குறிப்பும் இலக்கத்தோடு சேர்த்தே எழுதப்படும். ஆகவே ஒரே பெட்டிக்குள் இரண்டு ஆளிகள் இருப்பது போலாகின்றது. நடுவிலே வேலி நிற்கின்றது. ஆனால் கதியாலும் கிடுகும் இல்லை.

ஓர் ஆளிக்குள் இவ்வாறு பிரித்தல் எளிது. கீழ்மாடி ஆளியும் மேல்மாடி ஆளியும் ஒரே வடத்தாற் பேசும்போது யாது செய்வது? அவ்வடத்திலே காரியாலயச் சட்டகமும் ஆய்வுகூடச் சட்டகமும் கலந்து செல்லும். எது எவருடையது என்று மறுமுனை ஆளிக்குத் தெரிதல் வேண்டும். இதற்காகவே சீட்டு ஒட்டப்படுகின்றது. ஈதர்நெற் சட்டகத்தின் தலைப்பிலே பெறுபவர் முகவரி 6 பைற்று, அனுப்புபவர் முகவரி 6 பைற்று. அவற்றை அடுத்து 4 பைற்று நீளமான சீட்டு ஒன்று செருகப்படும். சீட்டின் முதல் 2 பைற்று, ‘இது சீட்டிட்ட சட்டகம்’ என்று அறிவிக்கும் அடையாளம். பதினறும எண்முறையில் அது 8100. எஞ்சிய 16 பிற்றுள் 3 முன்னுரிமையைக் குறிக்கும். தொலைபேசிப் பேச்சு முந்திச் செல்லவும் கோப்புப் பிந்திச் செல்லவும் இதுவே வழி. 1 பிற்று, நெரிசல் மிகுந்தவிடத்து அச்சட்டகத்தை முதலிற் கைவிடலாமோ என்பதைக் கூறும். மீதி 12 பிற்று வீலான் இலக்கம்.

12 பிற்றால் 4096 எண்கள் அமையும். 0 உம் 4095 உம் ஒதுக்கப்பட்டமையால் 4094 எண்கள் பயன்படும். கல்லூரிக்கு நாலைந்தே போதும். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளரை ஒரே மாளிகையில் வைத்திருக்கும் பெருந் தரவு நிலையங்களுக்கு இவ்வெண்ணும் போதாமையால், 24 பிற்று இலக்கமுடைய வேறொரு முறை 2014 இல் வகுக்கப்பட்டது. சீட்டு ஒட்டியபின் சட்டகத்தின் உச்ச நீளம் 1518 பைற்றிலிருந்து 1522 ஆகின்றது. இறுதியிலுள்ள பிழைகாண் தொகையும் புதிதாகக் கணிக்கப்படுகின்றது.

சட்டகம் ஒன்றின் பயணத்தைத் தொடர்ந்து பார்த்தால் இது தெளிவாகும். கீழ்மாடியிலே காரியாலய எழுதுவினைஞர், மேல்மாடியிலுள்ள கணக்காளரின் கணினிக்குக் கோப்பு அனுப்புகின்றார். அவர் கணினி சீட்டையறியாது. சாதாரணச் சட்டகத்தையே அனுப்புகின்றது. அது 3 ஆம் துறையால் நுழைகின்றது. அத்துறை 10 ஆம் இலக்கத்துக்குரியது என்பதை ஆளி அறியும். மேல்மாடிக்குச் செல்லும் பொது வடத்தில் விடும்போது 10 என்னும் சீட்டை ஒட்டுகின்றது. மேல்மாடி ஆளி சீட்டைப் படித்து, 10 ஆம் இலக்கத் துறைகளுள்ளே பெறுபவரைத் தேடி, சீட்டைக் கழற்றிவிட்டு ஒப்படைக்கின்றது. பெறுங் கணினியும் சீட்டைக் காண்பதில்லை. கணினி தொடுக்கப்படும் துறையை அணுகு துறை என்றும், ஆளிகளை இணைக்கும் துறையைத் தண்டுத் துறை என்றும் கூறுவர். வைபையிலும் இம்முறையே நிகழும்: ஆசிரியர்க்கு ஒரு பெயர், விருந்தினர்க்கு ஒரு பெயர் என ஒரே பெட்டி இரு பெயர்களை ஒலிபரப்பி, ஒவ்வொரு பெயரையும் வெவ்வேறு இலக்கத்தோடு இணைக்கும்.

ஒருவரையொருவர் அறவே காணாதபடி வேலி நின்றால் வாழ்வு நடவாது. காரியாலயத்தார் இணையத்துக்குச் செல்லல் வேண்டும். ஆய்வுகூடத்தார் நூலகச் சேவையகத்தைக் காணல் வேண்டும். வேலிக்குப் படலை வேண்டும். அப்படலையே வழிப்படுத்தி. ஒவ்வொரு வீலானுக்கும் தனியான இணைய எண் வரிசை கொடுக்கப்படும். ஒரு வரிசையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பொதி வழிப்படுத்தியூடாகவே செல்லல் வேண்டும். வழிப்படுத்தும் ஆற்றலை உள்ளடக்கிய ஆளிகளும் உள. எதுவாயினும், யார் எங்கே போகலாம் என்னும் விதி அங்கேதான் எழுதப்படுகின்றது.

ஈண்டுப் பலரும் மயங்குவர். வீலான் அமைத்தவுடன் காவல் அமைந்துவிட்டதென எண்ணுவர். அது பிழை. வேலி கட்டிப் படலையை இரவும் பகலும் திறந்துவிட்டால் வேலியாற் பயன் யாது? பல கருவிகள் வழிப்படுத்தலைத் தொடங்கியவுடன் எல்லா வளவுக்கும் எல்லா வழியையும் திறந்தே வைக்கும். மூடுதல் நம் கடமை. பிரித்தல் வேறு, காத்தல் வேறு. முன்னது இல்லாமற் பின்னதைச் செய்தல் அரிது, முன்னது மாத்திரம் போதாது.

இதற்கு எடுத்துக்காட்டாக 2013 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டார்கெற் என்னும் வணிக நிறுவனத்துக்கு நேர்ந்ததைக் கூறலாம். குளிரூட்டல் வேலை செய்துவந்த ஓர் ஒப்பந்தகாரருக்குக் கொடுக்கப்பட்ட நுழைவுரிமையைத் திருடியோர், அதன்வழி உள்ளே நுழைந்து, கடைகளிலே பணம் பெறும் கருவிகள் வரை சென்றனர். ஏறத்தாழ 4 கோடி அட்டைகளின் விபரம் களவுபோயிற்று. 2014 மார்ச்சில் அந்நாட்டு மூதவையின் வணிகக் குழு அலுவலர் வெளியிட்ட அறிக்கை, மிக நுட்பமான பகுதிகளை ஏனையவற்றிலிருந்து நிறுவனம் சரிவரப் பிரித்து வைக்கவில்லைப் போலும் என்று சுட்டியது. குளிரூட்டல் வேலைக்கு வந்தவர் வழி ஏன் பணப்பெட்டி வரை செல்லவேண்டும்? இவ்வினாவைக் கல்லூரியிலும் கேட்கலாம். கமராவைப் பழுதுபார்க்க வருபவரின் மடிக்கணினி ஏன் புள்ளிப்பட்டியலைக் காணவேண்டும்?

வேலியிலே பொட்டு விழுவதும் உண்டு. சீட்டில்லாமல் தண்டு வடத்தில் வரும் சட்டகத்தை இன்ன இலக்கத்ததெனக் கொள்ளல் வேண்டும் என்றொரு நியமம் உண்டு. பெரும்பாலான ஆளிகளில் அது இலக்கம் 1. வாங்கிய புதிதில் எல்லாத் துறையும் அவ்விலக்கத்திலேயே இருக்கும். அவ்வண்ணமே விட்டால், தீய நோக்குடையோர் சட்டகத்திலே சீட்டின்மேற் சீட்டாக இரண்டு ஒட்டி அனுப்புவர். முதலாளி மேற்சீட்டைக் கழற்றிவிட, அடிச்சீட்டைப் படிக்கும் அடுத்த ஆளி அதனை வேற்று வளவுக்குள் விட்டுவிடும். சில ஆளிகள் எதிரே வரும் கருவி கேட்டவுடன் தம் துறையைத் தண்டுத் துறையாக மாற்றிக்கொள்ளும் இயல்பின. இவற்றுக்குப் பரிகாரம் எளிது: இலக்கம் 1 ஐப் பாவனைக்கு எடாது விடுதல், சீட்டில்லாதவற்றுக்கு எவரும் வாழாத இலக்கமொன்றை விதித்தல், கணினித் துறைகளை அணுகு துறையென உறுதிசெய்தல், பாவியாத துறைகளை மூடிவிடுதல், ஆளியிருக்கும் பெட்டியைப் பூட்டிவைத்தல். இவற்றுள் எதற்கும் பணம் வேண்டுவதில்லை, கவனம் வேண்டும்.

எம் கருத்துக்கு மாறாகக் கூறப்படுவன மூன்று. கல்லூரி ஒரு குடும்பம், குடும்பத்துக்குள் ஏன் வேலி என்பது முதலாவது. குடும்பத்திலும் நகைப்பெட்டிக்குப் பூட்டு உண்டு. அது பிள்ளையை ஐயுறுதல் ஆகாது, பிள்ளையைப் பழியினின்றும் காத்தலாகும். புள்ளியொன்று மாறியிருப்பின், வேலியில்லாத வளவிலே ஐயம் எல்லார்மீதும் விழும். சிறிய பள்ளிக்கூடத்துக்கு இது மிகை என்பது இரண்டாவது. பத்துக் கணினியுள்ள இடத்துக்குப் பத்து வீலான் மிகையே. ஆயினும் காரியாலயம் வேறு, மாணவர் வேறு, விருந்தினர் வேறு எனப் பிரிப்பது எவ்விடத்தும் மிகையன்று. செலவு என்பது மூன்றாவது. இதில் உண்மையுண்டு. விலை மலிந்த சாதாரண ஆளிகள் இலக்கமறியா. நிருவகிக்கத்தக்க ஆளியே வேண்டும். அதன் விலை கூடியது. ஆனால் புதிய கணினிகளுள் ஓரிரண்டைக் குறைத்து அப்பணத்தை இதற்கிடின், எஞ்சிய கணினிகள் அனைத்தும் நலம் பெறும்.

திட்டமொன்றையும் காட்டுவோம். வீலான் 10 காரியாலயம்; 20 ஆய்வுகூடம்; 30 ஆசிரியர்; 40 விருந்தினர்; 50 கமரா; 99 ஆளிகளை நிருவகிப்போர்க்கு மட்டும். படலையில் எழுதவேண்டிய விதியும் சில வரிகளே: காரியாலயம் இணையத்துக்குச் செல்லலாம், அதனுள் வேறெவரும் நுழையலாகாது, ஆய்வுகூடம் இணையத்துக்கும் நூலகச் சேவையகத்துக்கும் செல்லலாம், விருந்தினர் இணையத்துக்கு மாத்திரம், கமரா பதிவு செய்யும் பெட்டிக்கு மாத்திரம். இத்திட்டத்தைத் தாளிலே எழுதி, எத்துறை எவ்விலக்கம் எவ்வறை என்று பட்டியலிட்டு, ஒரு பிரதியை அதிபர் அறையிலே வைத்தல் வேண்டும். அமைத்தவர் வெளிநாடு சென்றபின் கடவுச்சொல்லும் வரைபடமும் இன்றித் திகைக்கும் நிறுவனங்கள் பல. எழுதி வைக்காத வேலி இடம் தெரியாத வேலி.

இவ்வளவு வற்புறுத்துவது எதற்காக? கல்லூரிக் கணினியிலே இருப்பது வெறும் எண்ணன்று. பிள்ளையின் பிறந்த திகதி, பெற்றாரின் தொழில், வருமானம், வைத்திய விபரம், ஒழுக்கக் குறிப்பு யாவும் அங்கே உள்ளன. எம் பாராளுமன்றம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியபோது சிறுவர் பற்றிய தரவை விசேட வகையுள் அடக்கியது. சட்டம் இருந்தாலென், இல்லாவிட்டாலென்? பெற்றார் எம்மை நம்பித் தந்த விபரத்தை நாற்சந்தியில் வைத்தல் ஆசிரியத் தொழிலின் அறத்துக்கே மாறானது.

மாணவர்க்கும் ஒரு சொல். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்போருட் பலர், ஆளியின் வரைவிலக்கணத்தை மனனஞ் செய்து எழுதுவர். ஆளியொன்றைக் கையால் அமைத்திரார். பாவித்த நிருவகிக்கத்தக்க ஆளிகள் இரண்டும் வடங்கள் சிலவும் ஆய்வுகூடத்தின் ஒரு மூலையிலே, கல்லூரி வலையமைப்போடு தொடாது, பயிற்சிக்கென இருத்தல் வேண்டும். இரு இலக்கம் அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தொட இயலாமையைக் கண்டு, பின் வழிப்படுத்தியைச் சேர்த்துத் தொட்டுப் பார்த்த மாணவன் அதனை ஒருபோதும் மறவான். வேண்டுமென்றே வட்டமொன்றை உண்டாக்கி, ஆளியின் விளக்குகள் யாவும் ஒருங்கே துடிப்பதைப் பார்ப்பதும் ஒரு பாடமே. இன்று அம்மூலையிற் பயில்பவர், நாளை மருத்துவமனையினதோ வங்கியினதோ வலையமைப்பைத் தாங்குவார்.

பழைய மாணவரை நாம் வேண்டுவது இது. அடுத்த நன்கொடைக்கு முன் அதிபரிடம் ஒரு வினாக் கேளுங்கள்: ‘எமது வலையமைப்பின் வரைபடம் உண்டா?’ உண்டெனின் அதன்படி தேவையானதைத் தாருங்கள். இல்லையெனின் முதல் நன்கொடை அவ்வரைபடமாகுக. உங்களுள் வலையமைப்புத் தொழிலிலே வல்லவர் எத்துணையோ பேர். விடுமுறைக்கு ஊர் வரும்போது ஒரு வாரத்தைக் கல்லூரிக்கு ஈயுங்கள். நீங்கள் தனியே செய்துவிட்டுச் செல்லாமல், ஓர் ஆசிரியரையும் நான்கு மாணவரையும் பக்கத்திலே வைத்துச் செய்யுங்கள். வேலியை அடைத்தவர் போய்விடுவார். எங்கே படலை, எவரிடம் திறவுகோல் என்பதை வளவிலே வாழ்வோர் அறிந்திருத்தல் வேண்டும். சுவரிலே பொறிப்பதற்கு அத்தொண்டில் எதுவும் இராது. கல்லூரிப் பிள்ளைகளின் விபரம் காக்கப்படும், அதுவே போதும்.